காடரின் நிறமும் கண்ணாடித் தகட்டின் நிறமும்

ஆனைமலைத் தொடரின் பழங்குடிகளைப் பற்றிய ஆய்வேடுகளில் நூறாண்டுக்கு முந்தைய ஒளிப்படங்கள் இன்றும் இடம்பெறுகின்றன. படத்தின் கீழே நூற்பெயரும் ஆண்டும் இருக்கும். எந்த வில்லையால் எடுக்கப்பட்டது, தகடு எத்தகையது, அது எவ்வாறு கழுவப்பட்டது என்ற குறிப்புகள் இரா. எழுத்துச் சான்று ஒன்றை எடுத்தாளும்போது யார் எழுதினார், எப்போது எழுதினார், பாட வேறுபாடு உண்டா என்றெல்லாம் ஆராய்கிறோம். ஒளிப்படத்தை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம். ஒரு பழைய படத்தின் கருமையும் மங்கலும் முதலில் வில்லைக்கும் தகட்டுப் பூச்சுக்கும் டெவலப்பருக்கும் உரியவை. அவற்றுக்கு உரிய பங்கைக் கழித்த பின்னரே எஞ்சியது மனிதருக்கும் மலைக்கும் உரியதாகும். இக்கழித்தலைச் செய்யாமையால் நேர்ந்த பிழைகள் சிறியவை அல்ல.

முதலில் நூல்களைப் பார்ப்போம். இன்றைய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் மலைப்பகுதிகள் அன்று ஓர் ஆட்சியின்கீழ் இருக்கவில்லை. பாலக்காட்டு நகரம் சென்னை மாகாணத்தின் மலபாரில் இருந்தது. நெல்லியாம்பதியும் பறம்பிக்குளமும் கொச்சி அரசுக்கு உரியவை. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. ஆகவே இப்பகுதி மக்களைப் பற்றிய தொகுப்புகளும் மூன்றாயின. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையுடன் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். அதே ஆண்டில் கொச்சி நாட்டுக் குடிகளைப் பற்றிய முதல் தொகுதியை எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் வெளியிட்டார். பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரம் கிராமத்தில் 1861இல் பிறந்த தமிழர் அவர். பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்தார். திருவிதாங்கூர்க் குடிகளைப் பற்றிய மூன்று தொகுதிகளை 1937 முதல் 1941 வரை வெளியிட்டவர் அவருடைய மகன் எல். ஏ. கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுப் பக்கத்துக் காடரைத் தந்தையும், இடுக்கிப் பக்கத்து முதுவரையும் மன்னானையும் மகனும் எழுதினர். மூன்று வரிசைகளிலும் படங்கள் உண்டு. தர்ஸ்டன் நூலில் காடர் ஒருவர் மரமேறும் காட்சியும், முன்பற்களைச் செதுக்கிக் கூராக்கிக்கொண்ட காடச் சிறுவனின் படமும் பலமுறை மறுபதிப்புக் கண்டவை.

ஒளிப்படத்தின் கூர்மையை அறிவுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் தென்னிந்தியாவில் அதற்கும் முந்தியது. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே சுருளாக்கினார். அவர் பயன்படுத்தியவை மெழுகூட்டிய தாள் எதிர்ப்படங்கள். தாளின் நார்களே படத்தின் நுண்மைக்கு எல்லை வகுத்தன. ஆயினும் எதிர்ப்படம் பெரிதாக இருந்ததால் எழுத்துகள் தெளிவாக விழுந்தன. அத்தாளால் வானத்தைச் சரியாகப் பதிய முடியவில்லை. ஆகவே பல படங்களில் வானத்தை அவர் எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் பூசித் திருத்தினார். கல்வெட்டின் எழுத்துக்குச் சான்றாகும் ஒருவரின் படங்கள், அவ்வூர் வானத்துக்குச் சான்றாகமாட்டா. இந்த வேறுபாட்டை அறிவதே நமக்கு முதற்பாடம்.

பெரிய தகட்டின் சிறப்பு யாது? சிறு பிலிமில் எடுத்த படத்தைப் பலமடங்கு பெருக்கியே பார்க்கிறோம். வில்லையின் குறை ஒவ்வொன்றும் உடன் பெருகும். அரைத்தகடு, முழுத்தகடு எனப்பட்ட பெரிய கண்ணாடிகளைத் தாளின்மேல் நேரே வைத்து, அதே அளவில் படி எடுத்தனர். கை நீளத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கம் தெரியாது. எனவே நடுத்தரமான வில்லையும் போதுமானதாயிற்று. 1840இன் பெட்ஸ்வால் வில்லை நடுவில் கூர்மையும் ஓரத்தில் மங்கலும் உடையது. 1866இல் வந்த ரெக்டிலீனியர் வகை நேர்கோடுகளை வளைக்காமல் காட்டியது. 1890க்குப் பின் வந்த அனாஸ்டிக்மாட் வகைகள் ஓரத்தையும் கூர்மையாக்கின. துவாரத்தை மிகச் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவு குறுக்கிடும். எஃப் 22இல் ஒரு புள்ளி 0.03 மில்லிமீட்டர் அகல வட்டமாகவும், எஃப் 64இல் 0.086 மில்லிமீட்டர் வட்டமாகவும் விரியும். நேர்ப்படியில் இரண்டுமே கண்ணுக்குப் புள்ளிகள்தாம். ஆனால் எஃப் 64இல் எடுத்ததை இன்று கணினித் திரையில் நான்கு மடங்கு பெருக்கினால் மங்கலாகத் தெரியும். அம்மங்கலை எடுத்தவரின் திறமைக்குறைவு என்று எழுதுவது பிழை.

இனிக் காட்டுக்குள் செல்வோம். அரைத்தகட்டுக்கு வழக்கமான 8 அங்குல வில்லையுடன், மூன்று மீட்டர் தொலைவில் நிற்கும் ஒருவரைப் படமெடுப்பதாகக் கொள்வோம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள அவர் தகட்டில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டராக விழுவார். துவாரம் எஃப் 8 ஆனால், அவருக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து 30 சென்டிமீட்டர் ஆழமே தெளிவாக இருக்கும். எஃப் 32க்குச் சுருக்கினால் அவ்வாழம் நான்கு மடங்காகும். ஆனால் தேவைப்படும் ஒளி 16 மடங்காகும். பசுமைமாறாக் காட்டின் தரையில் விழுவது திறந்தவெளி ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கே. வெயிலில் 1/25 நொடி போதும் என்னும் தகட்டுக்கு, காட்டு நிழலில் எஃப் 8இல் 2 முதல் 4 நொடியும், எஃப் 32இல் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரையும் வேண்டும். ஒரு நிமிடம் அசையாமல் நிற்க யாரால் முடியும்?

இக்கணக்கிலிருந்து இரண்டு வழிகளே பிறக்கின்றன. துவாரத்தைத் திறந்து எடுத்தால் மனிதர் தெளிவாகவும் பின்னுள்ள காடு, குடிசை, கருவிகள் எல்லாம் மங்கலாகவும் அமையும். அல்லது மனிதரைக் காட்டிலிருந்து வெளியே அழைத்துவந்து, பயணியர் பங்களாவின் முற்றம் போன்ற வெட்டவெளியில் நிறுத்த வேண்டும். முதல் வழியில் சூழல் மங்கியது. இரண்டாம் வழியில் சூழலே மாறியது. விறைத்த நிற்பும் இறுகிய முகமும் அசையாமல் இருக்கச் சொன்னதன் விளைவுகள். உச்சிவெயிலில் கண்குழிகள் இருண்டு தோன்றுவதும் அவ்வாறே. இவற்றைக் கண்டு நாகரிகத்துக்கு அஞ்சும் முகம் என்றும், சூழலற்ற ஆதி மனிதர் என்றும் பொருள் உரைத்த எழுத்துகள் பல.

கூர்மை வேண்டும் என்ற கோரிக்கை தற்செயலானதும் அன்று. 1869இல் டி. எச். ஹக்ஸ்லியும் ஜே. எச். லாம்ப்ரேயும் உடலை அளந்தறியும் வகையில் படமெடுக்க முறைகள் வகுத்தனர். லாம்ப்ரே பின்னணியில் நூற்கட்டங்களை நிறுத்தினார். 1889இல் பி. எச். எமர்சன், கண் காண்பதுபோல் ஓரளவு மென்மையே கலைக்குத் தக்கது என்று வாதிட்டார். அந்தமானில் பணியாற்றிய எம். வி. போர்ட்மன் 1896இல், மானிடவியல் படத்துக்கு அத்தகைய மென்மை ஆகாது, முழுக் கூர்மையே வேண்டும் என்றார். உடலின் நுணுக்கத்துக்குக் கேட்கப்பட்ட இக்கூர்மை, அவ்வுடல் வாழ்ந்த வீட்டுக்கும் காட்டுக்கும் கேட்கப்படவில்லை.

அடுத்தது நிறம். வெள்ளி உப்பு இயல்பாக நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். பழைய ஈரக் கொலோடியன் தகடும், தொடக்கக்கால உலர் தகடும் இத்தன்மையன. நீலவானம் அவற்றில் வெளுக்கும். மஞ்சளும் சிவப்பும் கறுக்கும். மஞ்சள் பூசிய முகம் கருத்து விழும், குங்குமம் மைப்பொட்டாகும், பொன்னணி ஒளியிழக்கும். மனிதத் தோல் எவருடையதாயினும் நீலத்தைவிடச் சிவப்பையே மிகுதியாகத் திருப்பி அனுப்பும். மெலனின் மிகுந்த மாநிறத் தோலின் செம்மையைக் கண் காணும், தகடு காணாது. ஆகவே நேரில் செம்பழுப்பாகத் தோன்றும் ஒருவர் தகட்டில் கரிய நிறத்தவராகிறார். வெளிர்தோலருக்கும் இவ்விளைவு உண்டெனினும், தொடக்கத்திலேயே ஒளி குறைந்த தொனியில் அதன் தாக்கம் மிகுதி.

1873இல் ஹெர்மன் ஃபோகல், சாயம் கலந்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டார். அவ்வழியில் 1880களில் ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் கடைக்கு வந்தன. அவையும் சிவப்புக்குக் குருடே. சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகளை 1906இல் இங்கிலாந்தின் ராட்டன் நிறுவனம் விற்கத் தொடங்கியது. ஆனால் சிவப்புக்குக் குருடான தகட்டில் ஒரு வசதி இருந்தது. சிவப்பு விளக்கின்கீழ், படம் எழுவதைக் கண்ணால் பார்த்தபடியே கழுவலாம். பான்குரோமாட்டிக் தகட்டுக்கு முழு இருட்டும், கடிகாரமும், வெப்பமானியும் வேண்டும். எனவே புதிய தகடு வந்தபின்னும் பழைய வகை நெடுங்காலம் நீடித்தது. மாநிறத் தோலைச் சரியாகக் காட்டாத தகடே இருட்டறைக்கு எளிதாயிருந்தது என்பதை நிற வரலாறு எழுதுவோர் கருத வேண்டும்.

கழுவும் முறையில் இன்னொரு விலகல் நேர்கிறது. எதிர்ப்படத்தில் நிழற்பகுதிகளின் நுணுக்கத்தைத் தீர்மானிப்பது ஒளியூட்டிய அளவு. ஒளிமிகுந்த பகுதிகளின் அடர்த்தியை ஏற்றுவது கழுவும் நேரம். இவ்வுறவை ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890இல் வளைகோடாக வரைந்து காட்டினர். வெள்ளை வேட்டி உடுத்த கருநிறத்தவர் ஒருவருக்கு ஒளி குறைவாக ஊட்டி, குறையை ஈடுகட்ட நெடுநேரம் கழுவினால், வேட்டி பளிச்சிடும். முகமோ நுணுக்கமற்ற கரும்பரப்பாகும். பின் எவ்வளவு முயன்றாலும் அம்முகத்தை மீட்க இயலாது. தகட்டில் அது பதியவே இல்லை.

இதில் இடத்தின் வெப்பமும் பங்குகொள்கிறது. டெவலப்பருக்கு விதித்த வெப்பம் ஏறத்தாழ 18 முதல் 20 பாகை செல்சியசு. பாலக்காட்டுக் கணவாயின் கோடை 40 பாகையை நெருங்கும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் பல டெவலப்பர்களில் தேவைப்படும் நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அதை அறியாமல் கழுவினால் படம் மிகைமுரண் கொள்ளும். சூட்டில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியின் ஓரத்தில் சுருங்கி உரியும். படிகாரமும் ஃபார்மலினும் இட்டு அதை இறுக்குவதும், டெவலப்பரில் சோடியம் சல்பேட்டுச் சேர்த்து வீக்கத்தைத் தடுப்பதும், இரவில் கழுவுவதும் வெப்பநாட்டு உத்திகள். தேவிகுளத்தின் மார்கழிக் குளிரில் சிக்கல் நேர்மாறானது. 12 பாகைக்குக் கீழே ஹைட்ரோகுவினோன் ஏறத்தாழச் செயலிழக்கும். படம் வெளிறி மென்மையாகும். ஒரே முகத்தை ஒரே வில்லையால் எடுத்தாலும், சமவெளியில் கழுவியது கருத்தும் மலைமேல் கழுவியது வெளிறியும் அமையக்கூடும்.

இத்தனையும் கடந்த படம் புத்தகத்தில் ஏறும்போது ஹாஃப்டோன் பிளாக்காகிறது. இங்கேதான் பறம்பிக்குளக் காடரின் தலைமுடி வரலாற்றில் நுழைகிறது. பி. எஸ். குகா 1928இல் நேச்சர் இதழில் பறம்பிக்குள மலைக் காடரிடையே சுருள்முடி காணப்படுவதைச் சுட்டி, இந்தியாவில் நெகிரிட்டோ இனக்கூறு உண்டு என்று வாதிட்டார். 1931 மக்கள் கணக்கெடுப்பைச் சார்ந்து 1935இல் வெளிவந்த இனப்பிரிவு அறிக்கையிலும் அக்கருத்து இடம்பெற்றது. பின்வந்த மானிடவியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. குகாவின் வாதம் படங்களை மட்டும் நம்பியதன்று. நேரில் எடுத்த அளவீடுகளும் அவரிடம் இருந்தன. ஆனால் நூல் வழியே அவ்வாதத்தைப் பரப்பியோர், அச்சிட்ட முகங்களைக் காட்டியே சுருளையும் அலையையும் பிரித்தனர்.

அச்சுப்படம் அதற்கு இடம்தருமா? மேற்கூறிய ஆள் புத்தகப் பக்கத்தில் 8 சென்டிமீட்டராகச் சிறுத்தால், உருவம் இருபதில் ஒரு பங்கு. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள முடிச்சுருள் பக்கத்தில் 0.25 மில்லிமீட்டர் ஆகும். அங்குலத்துக்கு 133 கோடுகள் கொண்ட திரையில் ஒரு புள்ளியின் இடைவெளி 0.19 மில்லிமீட்டர். ஆக ஒரு சுருளுக்குக் கிடைப்பது ஒன்றேகால் புள்ளி. ஒன்றேகால் புள்ளியில் வளையத்தையும் அலையையும் வேறுபடுத்த எந்தக் கண்ணாலும் இயலாது. மூலத் தகட்டில் அதே சுருள் 0.38 மில்லிமீட்டர்; தகடு கிடைத்து, உருப்பெருக்கியின்கீழ் வைத்தால் வினாவை எழுப்பவேனும் முடியும். புத்தகப் படத்தை வைத்து அவ்வினாவை எழுப்பவும் முடியாது. ஓர் இனக்கோட்பாட்டின் பொதுவழக்குச் சான்று, பிளாக் செய்பவரின் திரை இடைவெளியைவிடச் சற்றே பெரிய ஒன்றின்மேல் நின்றது.

மலைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜே. டி. மன்றோ கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகை பெற்றபின், மூணாற்றுச் சுற்றுப்புறம் தேயிலைத் தோட்டமாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் சோலைக்காடு எவ்வளவு, புல்வெளி எவ்வளவு என்ற கேள்விக்குப் பழைய நிலக்காட்சிப் படங்களை நாடுவது இயல்பு. நீலம் மட்டும் உணரும் தகட்டில் சோலையும் பச்சைப்புல்லும் இரண்டுமே கருக்கும்; அவற்றின் எல்லைக்கோடு மங்கும். காற்றில் சிதறும் ஒளியில் ஊதாநீலத்தின் பங்கு சிவப்பினதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த தொலைமலையும் அத்தகட்டில் வெண்திரைக்குப் பின் மறையும். ஆனைமுடிச் சரிவின் வெண்பரப்பை மூடுபனி என்றோ, மொட்டைப் பாறை என்றோ குறித்தால் அக்குறிப்பு நாளை வனமேலாண்மை அறிக்கையில் சான்றாக ஏறும். நட வேண்டாத இடத்தில் மரம் நடுவதற்கு அது காரணமாகலாம்.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு என் பரிந்துரைகள் சில. மறுபதிப்பிலிருந்து எடுக்காமல் முதற்பதிப்பின் படத்தைக் காண்க. இயன்றால் நேர்ப்படியையும், அதனினும் மேலாகத் தகட்டையும் காண்க. நிறம் பற்றி ஏதும் சொல்லுமுன், அதே படத்தில் நிறம் தெரிந்த பொருள் ஒன்றைத் தேடுக: வானம், இலை, குங்குமம், வெள்ளைத் துணி. வானம் வெளுத்து இலை கருத்திருந்தால் தோலின் கருமையை அந்த அளவுக்கு ஐயுறுக. எது கூர்மையாக உள்ளது, எது மங்கியது என்று குறித்துக்கொண்டு, குவியம் எங்கே வைக்கப்பட்டது என்று கேட்க. கணினியில் முரணைக் கூட்டிக் குறைத்த படத்தைச் சான்றாகத் தராதீர். தந்தால் அதைச் சொல்லுக. ஒளிப்படத்தின் அடிக்குறிப்பில் தகட்டின் அளவும், அச்சிட்ட முறையும், இப்போது அது இருக்கும் இடமும் இடம்பெற வேண்டும்.

அனந்தகிருஷ்ண ஐயரும் அவர் மகனும் தொகுத்த செய்திகளின் மதிப்பு இவற்றால் குறைவதில்லை. அவர்கள் எழுதிய சொற்களை எதிர்வாதங்களோடு ஒப்பிட்டுப் படிக்க நாம் பழகியிருக்கிறோம். படங்களையும் அவ்வாறே படிக்கலாம். இன்று அப்படங்களைக் காண்போரில் காடர், முதுவர் மாணவர்களும் உள்ளனர். தம் முன்னோரின் முகம் ஏன் அத்தனை இருண்டிருக்கிறது என்று அவர்கள் கேட்டால், வேதியியல் சார்ந்த நேர்மையான விடை ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும்.

பாலக்காட்டு அக்கிரகார வீடுகளிலும், பழைய ஸ்டுடியோக்களிலும், மூணாறு, பீர்மேடு தோட்டப் பங்களாக்களிலும் கண்ணாடித் தகடுகள் எங்கேனும் எஞ்சியிருப்பதை அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன். மழைக்கால ஈரத்தில் ஜெலட்டினைப் பூஞ்சை தின்னும். தகடுகளை நீரால் கழுவித் துடைக்க வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் அமிலமற்ற தாளில் சுற்றி, செங்குத்தாக நிறுத்தி, உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும்.